கண்ணோட்டமும் கடமையும்: கடினமான பணிகளில் ஊழியரை வழிநடத்துதல்

மும்பையில் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் கிளைக்கு வரும்போது கடன், வட்டி, வரவு செலவு ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. "வேலை இருக்கிறது, ஆள்தான் நிற்பதில்லை" என்னும் குறையும் அடிக்கடி நம் காதில் விழுகிறது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையாயினும், மாட்டுங்காவில் காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டும் சிற்றுண்டிச்சாலையாயினும், செம்பூரில் முதியோர் இல்லங்களுக்குப் பணிப்பெண்களை அனுப்பும் சிறு நிறுவனமாயினும் குறை ஒன்றே. ஒரே தெருவில், ஒரே கூலி தரும் இரு பட்டறைகளுள் ஒன்றில் ஆட்கள் பத்தாண்டு நிற்கின்றனர். மற்றதில் பத்து மாதமும் நிற்பதில்லை. இதற்கு என்ன காரணம்?

நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்று இதற்குச் சுருக்கமாக விடை கூறிவிடலாம். அவ்விடை எவருக்கும் பயன்படாது. இனிமையாகப் பேசும் முதலாளியிடமிருந்தும் ஆட்கள் விலகிச் செல்வதை நாம் காண்கிறோம். ஆகவே, கடினமான பணியில் இருப்போரைப் பரிவுடன் நடத்துவது என்றால் உண்மையில் யாது, அது எவ்வாறு பயன் தருகிறது என்பதைச் சில மெய்யான நிகழ்ச்சிகளைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கண்ணோட்டம் என்னும் சொல்

இன்று "கண்ணோட்டம்" என்றால் ஒரு பொருளைப் பார்க்கும் கோணம் என்றே கொள்கிறோம். பழந்தமிழில் அதன் பொருள் வேறு. பிறர் துன்பத்தின்மேல் கண் ஓடுதல், அதாவது கண்டு இரங்குதல், என்பதே அதன் பொருள். திருக்குறளில் 58ஆம் அதிகாரம் இப்பெயர் கொண்டது. அவ்வதிகாரம் வைக்கப்பட்டுள்ள இடம் கவனிக்கத்தக்கது. அன்பு, அருள் ஆகியவற்றைப் பேசும் அறத்துப்பாலில் வள்ளுவர் அதனை வைக்கவில்லை. பொருட்பாலில், ஆட்சி செய்வோருக்குரிய பண்புகளைக் கூறும் பகுதியில் வைத்தார். அதற்கு முன்னுள்ள அதிகாரம் குடிகளை அச்சுறுத்தாமையைப் பற்றியது. அதனை அடுத்து ஒற்றர் வழியாக நிலைமை அறிதலும், அதன்பின் ஊக்கம் உடைமையும் வருகின்றன.

இவ்வரிசையை ஒரு மேலாளரின் கண்கொண்டு பார்த்தால் பொருள் விளங்கும். அச்சுறுத்தாதே; இரக்கம் கொள்; உண்மை நிலையை அறிந்துகொள்; ஊக்கத்துடன் செயல்படு. இரக்கம் இங்கே ஆளும் முறையின் ஓர் உறுப்பாக நிற்கிறது. மேற்கொண்ட கடமை சிதையாதவாறு கண்ணோட வேண்டும் என்பதையும் அவ்வதிகாரம் வலியுறுத்துகிறது. பணியும் நடக்க வேண்டும், பணி செய்வோரும் நலமாக இருக்க வேண்டும் என்னும் இரட்டைப் பொறுப்பே வழிநடத்துதலின் கடினமான பகுதி.

தாராவி, 2020

இந்த இரட்டைப் பொறுப்பு எவ்வளவு கடினமானது என்பதை நம் நகரம் நேரில் கண்டது. 2020 ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே அவர் உயிர் நீத்தார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் எட்டரை லட்சம் மக்கள் வாழ்வதாக மதிப்பிடப்படும் பகுதி அது. ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் குடியிருக்கும் வீடுகள். பெரும்பான்மையோர் நம்பியிருப்பவை பொதுக் கழிப்பறைகள். விலகி இருங்கள் என்று சொல்வதற்கே அங்கு இடமில்லை.

தாராவி, தாதர், மாஹிம் ஆகியவை அடங்கிய மாநகராட்சியின் ஜி-வடக்கு வட்டத்துக்கு அப்போது கிரண் திகாவ்கர் உதவி ஆணையராக இருந்தார். நோயாளி தேடி வரும்வரை காத்திராமல் நோயைத் தேடிச் செல்வது என்பது அங்கு வகுக்கப்பட்ட திட்டம். திட்டத்தைக் காகிதத்தில் எழுதுவது எளிது. அதனை நிறைவேற்ற வேண்டியவர்கள் மருத்துவர்கள், செவிலியர், சுகாதாரத் தன்னார்வப் பெண்கள், கழிப்பறைகளை நாள்தோறும் பலமுறை கழுவும் துப்புரவுத் தொழிலாளர். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர். அவர்களுள் பலரைச் சுற்றத்தாரே அஞ்சி ஒதுக்கிய காலம் அது.

முதல் நாள்களில் தாராவியிலேயே மருத்துவமனை நடத்திவந்த தனியார் மருத்துவர்கள் மாநகராட்சியுடன் இணைந்து வீடு வீடாகச் சென்றனர். ஏப்ரல் மாத மும்பை வெயிலில், தகரக் கூரையின் கீழ், காற்றுப் புகாத சந்துகளில், தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு உடையுடன் அவர்கள் ஏறி இறங்கினர். வெப்பமும் புழுக்கமும் அவர்களை மூச்சுத் திணற வைத்தன.

இவ்விடத்தில் ஒரு தலைவர் இரு வகையில் பேசக்கூடும். "நாடே உங்களை நம்பியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று உருக்கமாகப் பேசலாம். சில நாள் அது செல்லும். அல்லது, பணி செய்யும் முறையையே மாற்றலாம். தாராவியில் முறை மாற்றப்பட்டது. வீடு வீடாக ஏறி இறங்குவதற்கு ஈடாகக் குடியிருப்புகளை ஒட்டிக் காய்ச்சல் முகாம்கள் அமைக்கப்பட்டன. மருத்துவர் ஓரிடத்தில் இருக்க, மக்கள் அவரிடம் வந்தனர். மருத்துவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது, பரிசோதனையும் தடைபடவில்லை. பாதுகாப்பு உடைகள் தனியார் மருத்துவர்களுக்கும் வழங்கப்பட்டன. தாம் பல்லாண்டாக அறிந்த மருத்துவரே சொல்வதால், மக்களும் தயக்கமின்றி அறிகுறிகளைக் கூறினர்.

அதே காலத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. கொரோனா பணியில் ஈடுபட்ட சுகாதாரப் பணியாளருக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை மத்திய அரசு 2020 மார்ச் இறுதியிலிருந்து நடைமுறைப்படுத்தியது. இறப்பை எந்தத் தொகையும் ஈடு செய்யாது. ஆயினும், ஒருவரிடம் துணிவைக் கேட்பதற்கு முன் அவர் குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு என்று சிந்திப்பது கண்ணோட்டத்தின் அடையாளம்.

பயன் என்ன? நோய் இரட்டிப்பாகும் காலம் ஏப்ரலில் 18 நாள்களாக இருந்தது; மே மாதத்தில் 43 நாள்களாகவும் ஜூனில் 108 நாள்களாகவும் நீண்டது. 2020 ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியா ஆகிய நாடுகளோடு தாராவியின் பெயரையும் எடுத்துக்காட்டாகக் கூறினார். இவ்வெற்றிக்குப் பல கைகள் காரணம். அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. மாநகராட்சி ஊழியர் பலர் தொற்றுக்கு ஆளாயினர், உயிரிழந்தோரும் உண்டு. அவர்களை மறந்துவிட்டு இதனை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது முறையன்று. எனினும், பாடம் ஒன்று தெளிவாக நிற்கிறது: பரிவு சொல்லோடு நின்றுவிடாமல், பணியின் அமைப்பை மாற்றியபோதே பயன் தந்தது.

கணக்கு எண்ணின் கடைசி இலக்கம்

இதே பாடத்தை வங்கித் துறையினராகிய நாமும் அந்த ஏப்ரலில் கற்றோம். ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு வரவு வைக்கப்பட்டது. ஊரடங்கில் வருமானம் இழந்தோர் அத்தொகைக்காகக் கிளைகளுக்குத் திரண்டு வருவர் என்பது தெரிந்ததே. அனைவரும் ஒரே நாளில் வந்திருந்தால் வரிசையில் நின்றோரும், கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்தோரும் ஒருசேர ஆபத்துக்கு உள்ளாகியிருப்பர்.

செய்யப்பட்ட ஏற்பாடு மிக எளியது. கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 அல்லது 1 ஆனால் ஏப்ரல் 3; 2 அல்லது 3 ஆனால் ஏப்ரல் 4; இவ்வாறு ஏப்ரல் 9 வரை தொகை பிரித்து வரவு வைக்கப்பட்டது. கூட்டத்தை ஐந்து நாள்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அந்தச் சிறு விதி, கவுன்ட்டரில் இருந்த ஊழியருக்கு எத்தனை ஊக்கவுரைகளாலும் தர இயலாத ஆறுதலைத் தந்தது.

சுமையும் உரிமையும்

பணியின் அமைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் சுவீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தொழிலாளர் பற்றிய விவரங்களைக் கொண்டு இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பணியின் சுமை மட்டும் மனிதரை நொறுக்கிவிடுவதில்லை. சுமை மிகுதியாகவும், அப்பணியை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதே மன அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது. அதே சுமையோடு உரிமையும் சேர்ந்தால், அது திறமையை வளர்க்கும் பணியாகிவிடுகிறது. உடன் பணிபுரிவோர், மேற்பார்வையாளர் ஆகியோரின் துணையையும் பின்வந்த ஆய்வாளர்கள் இதனுடன் சேர்த்தனர்.

உலக சுகாதார அமைப்பும் 2019இல் பணிச்சோர்வைப் பணி சார்ந்த நிலையாகத் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியது. அதன் அறிகுறிகள் மூன்று: ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மேல் கசப்புக் கொள்ளுதல், செய்யும் திறன் குறைந்துவிட்டதாக உணர்தல். நன்கு வேலை செய்துவந்த ஒருவர் திடீரென்று "எனக்கென்ன" என்று இருக்கத் தொடங்கினால், அதனைத் திமிர் என்று கொள்வது நம் வழக்கம். பல வேளைகளில் அது இரண்டாம் அறிகுறி.

இரக்கமா, நம்பிக்கையா?

ஊழியர்மேல் இரங்குவது என்றால் அவரைக் கடின வேலையிலிருந்து விலக்கி வைப்பது என்று சிலர் எண்ணுகின்றனர். மாட்டுங்கா ரயில் நிலையம் இதற்கு மறுமொழி கூறுகிறது. 2017 ஜூலையில் மத்திய ரயில்வே அந்நிலையத்தை முழுவதும் பெண் ஊழியரிடம் ஒப்படைத்தது. நிலைய மேலாளர், பயணச்சீட்டு வழங்குவோர், பரிசோதகர், பாதுகாப்புப் படையினர் என அனைவரும் பெண்கள். 2018ஆம் ஆண்டு லிம்கா சாதனைப் புத்தகத்தில் அது இடம் பெற்றது.

புறநகர் ரயில் நிலையத்தின் வேலை எத்தகையது என்பதை மும்பைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெரிசல், வாக்குவாதம், சீட்டின்றிப் பயணம் செய்வோர், முதல் ரயில், கடைசி ரயில். "பாவம், பெண்கள், இவர்களால் இயலாது" என்று ஒதுக்குவதும் ஒருவகை இரக்கம்தான். அது ஒருவரின் சுமையைக் குறைப்பதாக எண்ணி அவரது மதிப்பைக் குறைத்துவிடுகிறது. முழுப் பொறுப்பையும் கையில் கொடுத்து, அதற்குரிய ஆள்பலத்தையும் பாதுகாப்பையும் உடன் கொடுப்பது வேறு. கண்ணோட்டம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

கூடுதலாக இருவர்

மும்பையின் டப்பாவாலாக்களை நாம் அனைவரும் அறிவோம். 1890இல் தொடங்கிய இச்சேவையின் துல்லியத்தைப் பற்றி எழுதியோர் பலர். ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஸ்டீபன் தோம்கே அதனை ஆராய்ந்து எழுதினார். 2012இல் வெளிவந்த அவரது கட்டுரையின்படி, சுமார் 5,000 பேர் நாள்தோறும் 1,30,000க்கு மேற்பட்ட உணவு அடுக்குகளைக் கொண்டு சேர்த்து, திரும்பவும் எடுத்துச் சென்றனர். வெயிலிலும் மழையிலும், ரயில் நிற்கும் சில நொடிகளில், தலைச்சுமையுடன் செய்யும் வேலை அது.

துல்லியத்துக்கு அடியில் இருக்கும் ஏற்பாடுகளே நமக்கு முக்கியம். சுமார் 25 பேர் கொண்ட குழுக்களாக அவர்கள் இயங்குகின்றனர். ஒவ்வொரு குழுவிலும் தேவைக்கு மேல் இரண்டு மூன்று பேர் இருப்பர். எவருக்கேனும் உடல்நலம் குன்றினாலோ, ரயில் தாமதமானாலோ அவர்கள் அவ்விடத்தை நிரப்புவர். குழுவை நடத்தும் முக்கடமும் டப்பா தூக்கி வளர்ந்தவரே, குழுவினர் தேர்ந்தெடுத்தவர். தகராறு தீர்ப்பதும் புதியவரைப் பழக்குவதும் அவர் பொறுப்பு. புதியவர் ஆறு மாதம் பழகிய பின்னரே பங்காளியாகச் சேர்வார்.

கூடுதலாக இருவரை வைத்திருப்பது வீண் செலவு என்று கணக்குப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆயின், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மொத்த வேலையும் நின்றுவிடும் இடத்தில் எந்த முதலாளியாலும் பரிவு காட்ட இயலாது. விடுப்புக் கேட்கும் ஊழியர்மேல் அவருக்குச் சினமே வரும். நல்ல மனம் இருந்தும் கடுஞ்சொல் பேசுவோர் பலரின் நிலை இதுவே. அந்தக் கூடுதல் இருவரே முக்கடத்தைப் பொறுமையுள்ளவராக வைத்திருக்கின்றனர் என்றுகூடச் சொல்லலாம்.

நம் தொழிலகத்தில்

இவற்றைச் சிறு தொழிலில் எவ்வாறு கைக்கொள்வது? செம்பூரில் அலுவலகங்களுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் எட்டுப் பேர் வேலை செய்கின்றனர். பதினொன்றரை மணிக்குள் உணவு புறப்பட வேண்டும். ஆகவே, காலை பத்து முதல் பதினொன்றரை வரை சமையலறையில் கூச்சலும் கடுஞ்சொல்லும் மிகுகின்றன.

அவர் முதலில் செய்யத்தக்கது, ஒரு வாரம் தாமே அந்த ஒன்றரை மணி நேரம் அடுப்பருகில் நிற்பது. சாதம் வடிப்பவரும் பொட்டலம் கட்டுபவரும் ஒரே மேசைக்காக முட்டிக்கொள்கின்றனர் என்பது அப்போதுதான் கண்ணில் படும். இரண்டாம் மேசை ஒன்று போட்டால் பாதிச் சினம் அடங்கிவிடும்.

அடுத்து, ஒவ்வொருவரும் இன்னொருவர் வேலையையும் கற்றிருக்கச் செய்வது. எட்டுப் பேருக்கு மேல் ஆள் வைக்க இயலாதவருக்கு இதுவே "கூடுதல் இருவர்". பொட்டலம் கட்டுபவர் ஒரு நாள் வராவிட்டாலும் உணவு நேரத்தில் புறப்படும்; அவரும் அச்சமின்றி விடுப்புக் கேட்பார்.

மூன்றாவது, வேலை முடிந்தபின் பத்து நிமிடம் அமர்ந்து, இன்று எது இடித்தது என்று கேட்பது. கேட்பதோடு நில்லாமல், சொன்னவற்றுள் ஒன்றையேனும் அந்த வாரத்திலேயே சரிசெய்வது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதிருப்பது கேளாமையினும் கேடு. அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்.

தவறு நேரும்போதுதான் கண்ணோட்டத்துக்கு உண்மையான சோதனை. ஒருநாள் பொட்டலங்கள் இடம் மாறிப்போயின. வாடிக்கையாளர் சினந்து பேசுகிறார். அனைவர் முன்னிலையிலும் ஒருவரைத் திட்டினால் அடுத்த தவறு மறைக்கப்படும். தவறே இல்லை என்று விட்டுவிட்டால், ஒழுங்காக வேலை செய்பவர் மனம் நோவார். தனியே அழைத்து, நடந்தது என்ன என்று முதலில் கேட்டு, இனி நேராதிருக்க எதை மாற்றலாம் என்று அவரையே சொல்லச் செய்வது நல்ல வழி. எதிர்பார்ப்பைக் குறைக்க வேண்டியதில்லை. அதனை எட்டும் வழியைச் சேர்ந்து தேடினால் போதும். பலமுறை இவ்வாறு செய்தும் திருந்தாதவரைப் பணியிலிருந்து விடுவிக்க நேரலாம். அப்போதும், காரணத்தை நேரே கூறி, சேர வேண்டிய ஊதியத்தை அன்றே தீர்த்து அனுப்புவது கண்ணோட்டமே.

கடைசியாகப் பணம். வங்கித் துறையில் இருப்பதால் இதனை நாம் அழுத்திச் சொல்லலாம். குறித்த நாளில் ஊதியம் கைக்கு வராத இடத்தில் எந்த இன்சொல்லும் எடுபடாது. ஐந்தாம் தேதி வாடகையும், பள்ளிக் கட்டணமும், ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகையும் ஊழியரின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கை வேலையில் நிலைக்காது. ஊதியத்தை வங்கிக் கணக்கின் வழியே, மாறாத ஒரு நாளில் செலுத்துங்கள். பின்னாளில் அவர் கடன் பெறவும் அப்பதிவு துணை நிற்கும்.

தாராவிப் பணியாளர் காப்பீட்டைப் பற்றி முன்பு கண்டோம். நம் ஊழியருக்கும் எளிய காப்புகள் உள்ளன. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில், விபத்தால் இறப்பு நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை உள்ளோர் சேரலாம். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டணத்தில், எக்காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குச் சேரும். 18 முதல் 50 வயது வரை உள்ளோர் சேரலாம். இரண்டும் சேர்ந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 456 ரூபாய். எட்டு ஊழியருக்கும் முதலாளியே இதனைச் செலுத்தினால் ஆண்டுச் செலவு 3,648 ரூபாய். உங்கள் ஊழியருடன் கிளைக்கு வந்தால் படிவங்களை நிரப்ப நாம் உதவுவோம்.

நிறைவாக

2020 கோடையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் இந்நகரை விட்டுத் தம் ஊர்களுக்குச் சென்றனர். தொழில்கள் மீண்டும் திறந்தபோது, அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டிய நிலை முதலாளிகளுக்கு ஏற்பட்டது. தொலைபேசி அழைப்பு வந்ததும் ஒருவர் தம் மனத்தில் எண்ணிப் பார்ப்பது கூலியை மட்டுமன்று. நோயுற்ற நாளில் என்னை எப்படி நடத்தினார், பாக்கித் தொகையைக் கொடுத்து அனுப்பினாரா, நான் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்பனவும் அக்கணக்கில் சேரும்.

அக்கணக்கு எந்த வங்கியிலும் இல்லை. அதில் நாள்தோறும் சிறுகச் சிறுக வரவு வைத்துவருவது ஒவ்வொரு முதலாளியின் கையில் உள்ளது. நெருக்கடி வந்தபின் அதனைத் தொடங்க முடியாது. முன்பே சேர்ந்திருந்தால் மட்டுமே அன்று எடுத்துச் செலவிட இயலும்.